தூசி அடக்கும் வண்டி

பதினேழு வருடம் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.
முகத்தைவிட அவன் வலது முழங்கால்
எனக்கு நன்றாகத் தெரியும்.
வளைவுக்கு முன்னால் அது ஒருமுறை துடிக்கும்.
அதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்:
"இடம், நாலு. அப்புறம் பள்ளம். அப்புறம் மாடு."

மாடு குறிப்பேட்டில் இருக்காது.
ஓஹோஸ் நெக்ரோஸ் தாண்டினால்
குறிப்பேட்டில் இல்லாதவைதான் அதிகம்.

தெல்ஃபீனோ அர்பாயோ.
என்செனாடா மீன் சந்தைக்குப் பின்னால் பஞ்சர் ஒட்டியவன்.
முதல் பந்தயத்துக்கு அவன் கொண்டுவந்தது
ஐஸ் சுமந்த ஒரு பிக்கப்.
கதவில் மூட்டை விலை அழியாமல் இருந்தது.
அறுபதாம் மைலில் அச்சு முறிந்தது.
கூரைமேல் ஏறி உட்கார்ந்து
மற்றவர்கள் அதே பள்ளத்தைத் தாண்டுவதைப் பார்த்தான்,
இருட்டும் வரை, நாற்பத்தோரு வண்டி.
மறுவருடம் அவன் தாண்டியது
நாற்பத்திரண்டாவது விதம்.

சான் ஃபெலிப்பேக்குத் தெற்கே இருப்பது மண் இல்லை, மாவு.
மூன்று தரம் சலித்தது.
நின்றால் சக்கரம் முழுகும்,
ஓடினால் முன்னால் போகிறவனின் தூசியில் கண் முழுகும்.
பிழைப்புக் கெட்டவனை
வாயில் மண் விழுந்தது என்பார்கள்.
எங்களுக்கு அது விழுந்துகொண்டே இருந்தது,
பிழைப்பும் நடந்தது.

முதல் வெற்றி:
பத்தொன்பது மணி நேரம்.
ஒரு குதிப்பில் விளக்கெல்லாம் செத்து
கடைசி முப்பது மைல், வறண்ட ஏரிமேல், நிலா மட்டும்.
இரண்டு பேர் சிறுநீரிலும் ரத்தம்.
மேடையருகே இறங்கியவனுக்குக் கால் நிற்காமல்
குப்புற விழுந்தான்.
மண்ணை முத்தமிடுகிறான் என்று கூட்டம் கைதட்டியது.
அந்தப் படம்தான் இன்றும் டயர்க் கடைகளில் தொங்குகிறது.
அதன் ஓரத்தில் வாந்தி எடுக்கும் தலைக்கவசம் நான்.

பிறகு இன்னும் மூன்று கோப்பை.
அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக ஓடியது.

பொர்ரேகோ அருகே பையன்கள் பாதையில் குழி வெட்டியிருந்தார்கள்,
லாரி பறப்பதைப் பார்க்க.
பறந்தோம். மூன்று உருளல்.
என் காறையெலும்பு போனது.
முதலில் ஓடிவந்து வண்டியை நிமிர்த்தியவர்கள்
அவர்களேதான், நகக்கண்ணில் இன்னும் ஈரமண்.
தெல்ஃபீனோ கடைசிப் பொடியனைக் கூப்பிட்டான்.
"எவ்வளவு ஆழம்?"
"இடுப்பு வரைக்கும்."
"அடுத்த தடவை முழங்கால் போதும்" என்றான்.

கடைசிப் பந்தயத்தில் விபத்து எதுவும் இல்லை.
நான் "வலம், மூன்று" என்றேன்.
முழங்கால் துடிக்கவில்லை.
வளைவு முடிந்தபின் துடித்தது.
அடுத்த நிறுத்தத்தில் கவசத்தைக் கழற்றிக்
கண்ணைக் கசக்கினான். "தூசி, யோலி."
அன்று காற்றே இல்லை.
நானும் தூசி என்றுதான் மற்றவர்களிடம் சொன்னேன்.

இப்போது அவன் ஓட்டுவது நகராட்சித் தண்ணீர் லாரி.
டிரினிடாட் பள்ளத்தாக்கில் ரோடு போடுகிறார்கள்;
தூசி கிளம்பாமல் தெளிக்க வேண்டும்.
மணிக்குப் பதினைந்து. அதற்குமேல் போனால் சம்பளம் வெட்டு.
சில வியாழக்கிழமைகளில் நானும் ஏறிக்கொள்கிறேன்,
அதே வலப்பக்கம்.
பழக்க தோஷம், "இடம், நாலு" என்கிறேன்.
"தெரிகிறது, தெரிகிறது" என்று
குழாய்த் திருகைத் திறக்கிறான்.

பின்னால் பள்ளிப் பேருந்து ஹார்ன் அடிக்கிறது.
பதினேழு வருடத்தில்
யாருக்கும் அவன் ஒதுங்கி நான் பார்த்ததில்லை.
ஒதுங்குகிறான். கைகாட்டி அனுப்புகிறான்.
நனையாத முன்பாதையில் பேருந்து பாய,
மஞ்சளாக எழுந்து எங்கள்மேல் சாய்கிறது அது.

"கண்ணாடியை ஏற்று" என்கிறான்.
நான் ஏற்றவில்லை.
அவனும் தன் பக்கத்தை ஏற்றவில்லை.